அம்மா வைத்த புள்ளி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை மிலாறு கட்டியது. கொஸ்லந்தைக்கு மேலே, எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து முடிந்திருந்தது. வெட்டிக் கிடந்த தேயிலைக் குச்சிகளை விறகுக்காக நான் அடுக்க, அம்மா முழங்காலால் அமுக்கிக் கட்டினாள். கட்டைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு லயத்து வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன்.

அவள் பெயர் அங்கம்மா. சிறுமியாகவே விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுத்துத் தோட்ட வேலைக்குப் போகத் தொடங்கியவள். கொழுந்து பறித்தே என்னை எக்ஸ்ரே வேலைக்குப் படிக்கவைத்தாள். அவளுடைய அக்கா நல்லம்மா மார்பில் கட்டி வந்து செத்தவள். அதனால்தான் நான் வேலை செய்த ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் படம் எடுக்கவைத்தேன். எடுத்தவள் என்னுடன் வேலை செய்த றஷீதா. இருட்டறையில் கழுவியவன் நான். இடது மார்பில், ஓர் ஓரமாக, ரவையைவிடச் சிறிய வெள்ளைப் பொடிகள்; புற்று தொடங்கும் அடையாளம். அந்த நிலையில் வெட்டி எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள்.

"கையில தட்டாத கட்டிக்குக் கத்தி எதுக்குடா? இல்லாததத் தேடுறதுதான் ஒன் படிப்பா?"

"இருக்கும்மா. படத்துல இருக்கு."

கைக்குத் தட்டாததால் டாக்டருக்கு இடம் காட்ட வேண்டும். றஷீதா அம்மாவைப் படுக்கவைத்து, இரண்டு கோணத்தில் படம் எடுத்து அளந்து, தோலில் நீல மையால் புள்ளி வைத்தாள்.

"இதுல தண்ணி படப்படாது, அம்மா."

விடிந்ததும் அம்மா வார்டில் குளித்துவிட்டாள். ஊரில் கோயிலுக்கும் டாக்டரிடமும் குளிக்காமல் போக மாட்டார்கள். புள்ளி கரைந்தது. பக்கத்துக் கட்டில்காரியிடம் பேனா வாங்கி, நின்றபடியே, அவளே ஒன்று வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் அங்கே வெட்டினார்.

எடுத்த சதையைப் படம் பிடித்தோம். பொடிகள் இல்லை.

"அழிஞ்சிருச்சு, தம்பி. நான்தான் திரும்ப வச்சேன். அதே எடந்தானே?"

நின்றபடி வைத்த புள்ளி படுத்தால் இடம் மாறிவிடும். அதை அவளுக்கு நான் விளக்கவில்லை.

காயம் ஆறட்டும், அடுத்த முறை புள்ளிக்குப் பதில் ஊசி வழியாகக் கொக்கிக் கம்பியையே உள்ளே வைத்துவிடலாம், அது குளித்தாலும் அழியாது என்றார் டாக்டர். எண்பத்து மூன்று ஜூலைக் கடைசியில் தேதி கொடுத்தார்.

அந்தத் தேதியில் இனக்கலவரத்தில் கொழும்பு எரிந்துகொண்டிருந்தது. நான் அகதி முகாமில் இருந்தேன். தோட்டத்துக்குத் திரும்பியிருந்த அம்மா வர, அப்புத்தளையிலிருந்து ரயில் இல்லை. முகாமிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். அங்கிருந்து தோட்டத்துக்கு வந்து சேர மாதங்களாயின. அதற்குள் அம்மாவின் அக்குளில் கட்டி. இனிப் படம் தேவையில்லை, விரலே போதும்.

மாசியில் செத்துப்போனாள்.

லயத்து அறையைக் காலி செய்தபோது பானைகளுக்குப் பின்னால் தேயிலைத் தூள் பொட்டலம் ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டு வேலாயி அக்கா சொன்னாள்: "அது அந்த றஷீதாப் புள்ளைக்கு. ஒங்கம்மாதான், அந்தப் புள்ள வச்ச புள்ளிய நான் கெடுத்துப்புட்டேன், அடுத்த தடவ போறப்ப கையில குடுத்து ஒரு வார்த்த சொல்லணும்னுகிட்டு இருந்துச்சு."