ஒடியாத வெண்டைக்காய்

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. நீங்களும் அப்படித்தானே? இதற்காகவே பாளையங்கோட்டை மார்க்கெட்டில் என்னைக் கண்டாலே முறைக்கிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு பிஎச்.டி.யையே ஒடிக்கப் பார்த்தது இரண்டு மாதத்துக்கு முன்னால்தான்.

எஸ்தர் டீச்சர் எங்கள் தெருக்காரர். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறார், பிஎச்.டி.யும் செய்கிறார். ஆற்றங்கரையில் அவர்களுக்கு ஒரு தோட்டம். ‘ஒரு அதிசயம் இருக்கு, வாங்க’ என்று கூப்பிட்டார். போனேன்.

வெண்டை பறித்திருக்கிறீர்களா? கை அரிக்கும். இலை, காய் எல்லாம் சுணை, பொடிப்பொடி முடி. அங்கே காய் பறிக்கிற பேச்சியம்மாள்தான் ஒரு செடி மட்டும் அரிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் லென்ஸ் வைத்துப் பார்த்தால்... இலையில் ஒரு முடிகூட இல்லை.

“இலை பொடிசா இருக்கும்போது தோல்ல எல்லா செல்லும் ஒண்ணுபோலதான் அண்ணாச்சி. ஒரு செல்லுல மட்டும் ஜீன் முழிச்சுக்கிடும். அது முடியா வளரும். பக்கத்து செல்லுகிட்ட, நீ சும்மா இருன்னும் சொல்லிரும். அதான் முடியெல்லாம் தள்ளித் தள்ளி இருக்கு.”

வெளிநாட்டில் கடுகு இனத்துச் சின்னச் செடி ஒன்றில் இதைப் பார்த்திருக்கிறார்களாம். ஏர்மெயிலில் வந்த கட்டுரையைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இத்தனை நாட்டாமையா என்று அசந்துபோனேன்.

டீச்சர் காபி எடுக்கப் போனார். நான் அந்தச் செடியிடம் போனேன். இலை மொழுமொழுவென்று இருந்தது. நாலே நாலு காய். காம்பில் சிவப்பு நூல் — திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொண்டேன். கை சும்மா இருக்குமா? நாலையும் நுனி பிடித்து அழுத்தினேன்.

“என்ன டீச்சர், எல்லாம் முத்தல்” என்று குறை வேறு சொன்னேன்.

டீச்சர் காபியோடு அப்படியே நின்றுவிட்டார். “விதைக்கு விட்டிருக்கேன் அண்ணாச்சி. இருக்கதே இந்த நாலுதான்.”

சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பூவைக் காகிதப் பையால் மூடி, பிற மகரந்தம் படாமல் காப்பாற்றிய காய்கள்; சிவப்பு நூல் அதற்கு அடையாளமாம். அந்த விதையில் முளைப்பதும் சுணையில்லாமல் வந்தால்தான் இது ஜீன் சமாச்சாரம். இல்லையென்றால் ஏதோ ஒரு செடிக்கு வந்த கோளாறு... ஆராய்ச்சியும் அதோடு சரி.

பேச்சியம்மாள் பைய வந்தார். “அண்ணாச்சி, ஒடிஞ்சுதா, வளைஞ்சுதா?”

“வளைஞ்சுது.”

“அப்பம் ஒண்ணும் ஆவல. முத்தின காய் எங்க ஒடியும்? எளசா இருந்தா இந்நேரம் போயிருக்கும்.”

குனிந்து நாலையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காய் முற்றலாக இருந்ததற்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். குழம்புக்கு ஆகாதென்று நாம் தள்ளுவதில்தானே அடுத்த செடி இருக்கிறது?

இந்தச் செவ்வாய்க்கிழமை போன். “வந்து தொட்டுப் பாருங்க அண்ணாச்சி.”

ஓடினேன். வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் நாற்று. ஒரு இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அடுத்தது, அதற்கடுத்தது... ஒன்றில்கூடச் சுணை இல்லை. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், சொல்வதற்கென்ன?

“மொதல்ல சொன்னது நாந்தான், எழுதிக்கிடுங்க” என்றார் பேச்சியம்மாள். டீச்சர் உண்மையிலேயே நோட்டில் எழுதிக்கொண்டார்.

எனக்கு எப்போதும் தோட்டத்துக்குள் அனுமதி உண்டு — கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தால்.