வராத அம்மை

என் மருமகள் போட்ட கோல்களை நான் எண்ணி வந்தேன். வேறு யாரும் எண்ணவில்லை என்பதுதான் காரணம். பெண்கள் கால்பந்துக்குப் பேப்பரில் நான்கு வரி கிடைத்தால் பெரிது. அந்த நான்கு வரியிலும் ஒரு முறை அவள் போட்ட கோலை வேறொருத்தி போட்டதாக எழுதிவிட்டார்கள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தாலுகா ஆபீசில் நிலக் கணக்கு பார்த்தே தலை நரைத்தவன் நான். கணக்கு தப்பினால் உடம்புக்கு ஆகாது. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் போட்டது எழுபத்தொன்று. அதற்கு முன் போட்டதை நான் பார்க்கவில்லை, அதனால் சேர்க்கவில்லை.

அவள் தாமல் கிராமத்துக்காரி. கோடையில் ஏரி வற்றியதும் அண்ணன் தம்பிகளோடு அந்த மண்ணில் ஆடித்தான் பழகினாள். ஆட்டத்தை வைத்துத்தான் சென்னையில் அரசு வேலை கிடைத்தது. அந்த அலுவலக அணிக்கும் மாநில அணிக்கும் முன்வரிசையில் ஆடினாள். தொண்ணூறுகளின் கடைசியில் என் மகனுக்கு அவளைப் பெண் பார்க்கப் போனோம். என் மனைவி வழக்கம்போல, "சமைப்பியாம்மா?" என்று கேட்டாள்.

"சமைப்பேன் அத்தை. சாயங்காலத்துல மட்டும் முடியாது, பிராக்டீஸ் இருக்குது."

என் மனைவி சிரித்துவிட்டாள். பூ வைத்துவிட்டுத்தான் எழுந்தோம்.

ஆட்டம் நடக்கும்போது தூங்கி வழிவதுபோல் நிற்பாள். பந்து எங்கோ இருக்கும். எதிரணிப் பெண்கள் அவளை மறந்துபோகும் நேரம் பார்த்து இரண்டே எட்டில் அவர்களைத் தாண்டியிருப்பாள். அதைப் பார்க்க எனக்கு ஆனந்தத்தைவிடப் பயம்தான் அதிகம். துண்டை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவளோடு ஆடும் பெண்கள் தூரத்திலிருந்தே, "உங்க மாமா துண்டு தின்ன ஆரம்பிச்சிட்டாருடி" என்று அவளைச் சீண்டுவார்கள்.

தேசிய அணிப் பயிற்சி முகாமுக்கு இரண்டு முறை அவள் பெயர் கடைசி நேரத்தில் விட்டுப்போனது. மூன்றாவது முறை மாநில அணியின் கோச் நேராக வீட்டுக்கே வந்து, இந்தத் தடவை உறுதி என்று சொன்னார். பொங்கல் முடிந்து ஒரு மாதத்தில் சென்னையில் முகாம். அவளுக்கு வயது இருபத்தாறு. இதை விட்டால் இன்னொன்று கிடையாது என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

காணும் பொங்கலன்று அவளும் என் மகனும் முசரவாக்கத்தில் அவள் பெரியம்மா வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு ஆட்டம் வைத்திருந்தார்கள். வெளி ஆட்டங்களில் ஆடக் கூடாது என்பது அவள் அலுவலக அணியின் கண்டிப்பான விதி. ஆனால் பெரியம்மா பெண்கள் கையைப் பிடித்து இழுத்தால் யாரால் முடியும்? நெல் அறுத்த கழனி. மண் காய்ந்து இறுகிக் கிடந்தது. வெறுங்காலோடு இறங்கியவள் பந்தோடு திரும்பினாளாம். முழங்காலுக்குள் ஏதோ சொடுக்கியதாம். என் மகன் அவளைப் பைக்கில் உட்கார வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டே செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். இடது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

நான் ஆஸ்பத்திரி என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"கத்தி வெப்பாங்க மாமா. தழும்பு பார்த்தா கேம்ப்புல எடுக்க மாட்டாங்க. எங்க விழுந்தேன்னு ஆபீஸ்ல வேற கேப்பாங்க."

அவள் சொன்னதில் பிழை தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் கை கால் பிசகினால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, கட்டுப் போடுகிறவரிடம்தான் போவோம். என் கையே அப்படிக் கூடியதுதான். அடுத்த நாள் கட்டுப் போடுகிறவர் வந்தார். முட்டை வெள்ளையும் பச்சிலையும் அரைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "மூணு வாரம் கால ஊனக் கூடாது. ஆட்டுக்கால் சாறு தெனமும் குடும்மா" என்றார்.

மூன்று வாரம் அவள் பயிற்சிக்குப் போகாததற்கு என்ன சொல்வது? என் மகன் மஞ்சள் காமாலை என்றான். நான் டைபாய்டு என்றேன். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்பார்கள் என்று அவளே தள்ளிவிட்டாள். அப்போது என் மனைவிதான் அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"அம்மை போட்டிருக்குதுன்னு சொல்லிடுங்க. யாரும் சீட்டும் கேக்க மாட்டாங்க, உள்ளயும் வர மாட்டாங்க."

அன்று மாலையே வாசலில் வேப்பிலை ஏறியது. தெரு முழுக்க நம்பியது. நம்ப வைப்பதற்காக நாங்களும் அம்மை கண்ட வீடு போலவே இருந்தோம். வீட்டில் தாளிப்பு நின்றது. வெளியே போகிறவர்கள் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டம்மா காம்பவுண்டுக்கு வெளியே நின்றபடியே இளநீரை நீட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போவாள். சங்கடம் ஆட்டுக்கால் சாற்றில்தான் வந்தது. அம்மை கண்ட வீட்டில் கறி வாசம் வந்தால் தெரு சும்மா விடுமா? என் மகன் ஷிப்ட் முடிந்து வரும்போது ஓட்டலிலிருந்து தூக்குச் சட்டியில் வாங்கி, மேலே துண்டைச் சுற்றிக் கொண்டுவருவான். ஜன்னலை அடைத்துவிட்டு அவள் குடிப்பாள். "திருட்டுப் பூனைங்க மாதிரி இருக்குறோம் அத்தை" என்பாள். "நீ குடிடி, ஆத்தாவுக்கு எல்லாம் தெரியும்" என்பாள் என் மனைவி. அப்போது அதைச் சொல்லிச் சிரித்தோம்.

இரண்டாவது வாரம் கோச் வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவிலேயே நின்றுவிட்டார். ஐம்பது வயது மனிதர், வெயிலில் வெறுங்காலோடு நின்றார்.

"தண்ணி ஊத்தியாச்சுங்களா ஐயா?"

"இன்னும் இல்லைங்க" என்றேன்.

"அவசரமில்ல. மூணு தண்ணியும் ஊத்தி, நல்லபடியா எறங்கட்டும். எடம் வெச்சிருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. பாப்பா மொகத்துல தழும்பு ஒண்ணும் இல்லியே?"

"இல்லைங்க."

உள்ளே மூங்கில் பத்தையோடு படுத்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. அவர் போன பிறகு நான் உள்ளே போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

கட்டு அவிழ்ந்ததும் நடந்தாள். பிறகு ஓடினாள். பாலாற்று மணலில் விடியற்காலையில் ஓடுவதை நானே போய்ப் பார்த்தேன். திரும்பும் இடத்தில் மட்டும் லேசாக நின்று திரும்பினாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்று வீட்டில் ஏற்கெனவே கேலி.

முகாமில் தேர்வு ஆட்டம். பத்தாவது நிமிடத்திலேயே ஒரு கோல் போட்டாள். அதுதான் எழுபத்தொன்றாவது. தேர்வு செய்ய வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்ததை நான் பார்த்தேன். பிறகு ஒரு பந்து அவளுக்குப் பின்னால் வந்தது. யாரும் அவளைத் தொடவில்லை. திரும்பினாள், விழுந்தாள். கத்தவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள், மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்பதுபோல.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகச் சொன்னார். உள்ளே இருக்கும் நார் இரண்டு தடவை அறுந்திருக்கிறது. முதல் தடவை பாதிதான். அப்போதே வந்திருந்தால் வழி இருந்தது. அதன் மேலேயே ஓடியதில் எலும்புக்கு நடுவிலுள்ள தட்டும் கிழிந்துவிட்டது. "மொதல் தடவை எப்போ ஆச்சு? அப்பவே ஏம்மா வரல?" என்று கேட்டார்.

நானும் என் மகனும் கோச்சும் அங்கே நின்றிருந்தோம். அவள் கோச்சைப் பார்க்கவில்லை.

"அப்போ அம்மை போட்டிருந்துச்சு சார்" என்றாள்.

"ஆமா டாக்டர்" என்றார் கோச். "நானே வாசல் வரைக்கும் போயிருந்தேன்."

ஆபரேஷன் செய்து ஒரு வருடம் பொறுத்தால் ஆடலாம், பழையபடி என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். செய்துகொள்ளட்டும் என்று நானும் மகனும் மன்றாடினோம். ஆத்தா கொடுத்த தண்டனை, அதில் கத்தி வைக்கக் கூடாது என்று என் மனைவியும் மருமகளும் அசையவில்லை. என் மனைவி ஒரேயடியாக ஒடிந்துபோயிருந்தாள். "ஆத்தா பேரைச் சொல்லிட்டு வீட்டுக்குள்ள ஆட்டுக்கால் ஊத்துனேனே" என்று சுவரில் தலையை முட்டிக்கொள்வாள். மருமகள் அவளைத் தேற்றுவாள், ஆனால் மறுத்துப் பேச மாட்டாள்.

நார் அறுவதற்கும் ஆத்தாவுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று ஒரு நாள் கேட்டேன். படித்த பெண், சொன்னால் கேட்பாள் என்று நினைத்தேன்.

"நெஜமாவே அம்மை வந்திருந்தா, இந்நேரம் நான் ஓடிக்கினு இருப்பேன் மாமா" என்றாள்.

வேலை போகவில்லை. அலுவலகத்தில் மேசை கொடுத்தார்கள். காலையில் பஸ் ஏறிப் போய் இரவில் திரும்பினாள். முட்டி வலிக்கிற நாளில் படியில் பக்கவாட்டாக இறங்குவாள். ஷூக்களைத் தாமலில் தன் அண்ணன் மகளுக்குக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு அவை பெரிதாம், கொல்லைக்குப் போகும்போது போட்டுக்கொள்கிறாளாம்.

அடுத்த வருடம் அவள் அணி சென்னையில் ஆடியபோது, வீட்டில் சொல்லாமல் நான் மட்டும் போனேன். அவள் நிற்கும் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். நல்ல வேகம். கூட்டத்தில் அவளோடு ஆடிய பழைய பெண்கள் என்னைக் கண்டு வணக்கம் சொன்னார்கள், யாரும் கேலி செய்யவில்லை. திரும்பி வர இருட்டிவிட்டது. மருமகள் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எங்க மாமா போனீங்க இவ்ளோ நேரம்?"

"பேங்க்குல கூட்டம்மா."

"ஞாயித்துக்கெழமையா?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவள் ஒரு கட்டைப் பிரித்து முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"ஜெயிச்சாங்களா?"

"ஜெயிச்சாங்க."

"அந்தப் புதுப் பொண்ணு போட்டுச்சா?"

"ரெண்டு."

கீரைத் தண்டை இரண்டாக ஒடித்தாள். கேட்க நினைத்தது இன்னும் பாக்கி இருந்தது போலும். முகத்தை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"எப்படி மாமா போட்டா? சொல்லுங்க."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதல் கோலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.