ஓட்டை போடாத தொட்டி

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அரக்கோணத்தில் மூட்டை தூக்கினேன், குடியாத்தத்தில் லுங்கித் தறியில் ஒரு வருடம் இருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிகளைக் காலி செய்யும் வேலை கிடைத்தது. ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சிக் கீழே போட்டால் தண்ணீர் தானாக இறங்கும். வாயை எடுக்கத் தாமதித்தால் நாக்கு வெந்துவிடும். குழாய்க்குள் காற்றுப் புகுந்து ஓட்டம் நின்றால், 'குழா மூச்சு விட்டுடுச்சு' என்போம். மறுபடி உறிஞ்ச வேண்டும்.

வெளிநாட்டு வியாபாரிகள் வந்து உட்காரும் அறைக்கு மேனேஜர் ஒரு மீன் தொட்டி வாங்கினார். மேலே நிரம்பும் தண்ணீர், கீழே கரியும் மணலும் போட்ட வாளிக்குள் இறங்கித் தெளிய வேண்டும். சின்ன மோட்டார் அதைத் திரும்ப ஏற்றும். இறங்குவதற்காகக் கண்ணாடியில் ஓட்டை போடச் சொன்னார். எலக்ட்ரீஷியன் டிரில்லை வைத்ததும் தொட்டி குறுக்கே விரிசல் விட்டது. இரண்டாவது தொட்டி வந்தபோது டிரில்லை என் கையில் கொடுத்தார்கள்.

"போட மாட்டேன் சார்."

"இன்னாடா, மாட்டேன்றே?" என்றார் மேனேஜர்.

"இதுவும் புட்டுக்கும். குழா வெச்சே இறக்கிக் காட்றேன்."

எலக்ட்ரீஷியன் சிரித்தார். "சுண்ணாம்பு உறிஞ்சுன வாய்க்கு மீன் தண்ணி கேக்குது சார்."

"தொட்டிய ஒடச்ச கைக்கு என் வாய் தேவலண்ணே."

மேனேஜர் தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரித் தட்டைக் காட்டினார். வியாபாரிகளுக்குக் காட்டும் தோல் மாதிரிகள் அதில் இருந்தன. "இதுமேல ஒரு சொட்டு விழுந்தாலும், அப்டியே கேட்டுக்கு வெளிய போய்டு."

முதலில் முற்றத்தில் பீப்பாய் வைத்துப் பார்த்தேன். குழாயை ஆழமாக விட்டால், கரண்ட் போனதும் மோட்டார் நிற்கும், குழாய் நிற்காது. மேலே இருப்பதெல்லாம் இறங்கி வாளி வழியும். மேலாக விட்டால் மட்டம் இறங்கியதும் மூச்சு விட்டுவிடும். கரண்ட் வந்தபின் உறிஞ்ச யார் இருப்பார்கள்? தொட்டி வழியும். எங்கள் ஊர்க் கரண்டுக்கு இரண்டும் ஆகாது.

தோற்றது குழாய் அல்ல, அதன் முனைகள்தான். இரண்டு முனைகளும் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் அது எப்படி மூச்சு விடும்? தொட்டிக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா, வெளியே ஒன்று. தொட்டி விளிம்பைத் தாண்டி வளைந்த குழாயின் முனைகள் இரண்டின் அடியிலும். தொட்டித் தண்ணீர் உள் டப்பாவின் விளிம்பைத் தாண்டினால்தான் உள்ளே விழும். வெளி டப்பாவில், குழாய் முனைக்கு மேலே, உள் டப்பாவின் விளிம்புக்குக் கீழே, ஓட்டை போட்டு வாளிக்கு வழிவிட்டேன். டப்பா உடைந்தால் இன்னொரு டப்பா.

அறையில் மாட்டி ஓடவிட்டதும் மேனேஜரே மெயினை அணைத்தார். ஓட்டம் நின்றது. டப்பாக்களில் தண்ணீர் நின்றது. குழாயும் நிறைந்தே இருந்தது. பிறகு போட்டார். மோட்டார் குழாய் வழியே கொஞ்சம் திரும்பி வடிந்திருந்த தொட்டியில் மட்டம் ஏறிக்கொண்டே போனது.

"மூச்சு விட்டுடுச்சுப்பா உன் குழா," என்றார் எலக்ட்ரீஷியன்.

"கொஞ்சம் வாய மூடிட்டுப் பாருண்ணே."

தொட்டி விளிம்புக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர் டப்பாவுக்குள் சரிந்தது. வெளியே வாளியில் சத்தம் கேட்டது.

மேனேஜர் ஐந்தாறு முறை அணைத்துப் போட்டார். குறை கிடைக்காமல், "பாக்க அசிங்கமா இருக்கு. துணி போட்டு மறச்சுடு," என்றார்.

"மறச்சா அடச்சிக்கிட்டது தெரியாது சார். தெரியட்டும்."

"அப்ப அந்தத் தோல் மாதிரியையாவது மேல் தட்டுக்கு மாத்து."

அதற்கும் மாட்டேன் என்றேன். நான் அங்கே இருந்தவரை அவை ஒரு சொட்டும் படாமல் கீழ்த் தட்டிலேயே இருந்தன.