கொட்டகையில் எழுந்து நின்றவர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். நேற்று பேத்தி டிவியில் பழைய கௌபாய் படம் வைத்தாள். குளம்புச் சத்தம் கேட்டதும், புதுக்கோட்டை சினிமாக் கொட்டகையின் மணல் தரைக்கே போய்விட்டேன்.

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஐயா குதிரை வண்டி ஓட்டியவர். இங்கிலீஷ் தெரியாது, ஆனால் கௌபாய் படம் ஒன்றையும் விடமாட்டார். அவர் பார்ப்பதெல்லாம் குதிரையைத்தான். சின்னப் பிள்ளையாக நான் அவரோடு போயிருந்த அன்றைக்கு, தொப்பிக்கார நாயகன் திருடர்களைத் துரத்தி மலையேறும்போது ஐயா எழுந்து நின்றுவிட்டார்.

"ஏப்பா, குருத முன்னங்கால் நொண்டுது. எறங்குப்பா."

கொட்டகையே சிரித்தது.

"அண்ணே, அவனுக்குத் தமிழ் தெரியாது, உக்காருங்க" என்றார் பின்னால் இருந்தவர்.

"குருதைக்கு மட்டும் இங்கிலீசுலயா வலிக்குது?" என்றார் ஐயா.

ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கிறதே என்று எனக்கு அழுகை முட்டியது. வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் உட்காரவில்லை.

சற்று நேரத்தில் நாயகன் இறங்கினான். முன்னங்காலைத் தூக்கி, குளம்பில் சிக்கிய கல்லை எடுத்துப் போட்டான். சிரிப்பு அடங்கியது. பிறகு எல்லோரும் கைதட்டினார்கள், படத்துக்கு அல்ல, எங்கள் ஐயாவுக்கு. பின்னால் இருந்தவர் வறுகடலைப் பொட்டலத்தை நீட்டி, "அண்ணே, இனி என்ன ஆகும்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதினாள். எங்கே தாயி, அந்தக் கைதட்டின இடத்தை மட்டும் மெதுவா வாசி, கேப்போம்.