கார்டில் மூழ்கிய சேகர்

போன செவ்வாய்க்கிழமை என் நண்பன் சேகரைக் கடலில் மூழ்கடித்தேன். பதற வேண்டாம்... தபால் கார்டில்தான். ஆனால் அந்தக் கார்டு யார் கையில் கிடைத்தது என்பதுதான் விஷயம்.

எங்கள் தபால் ஆட்டத்தைப் பற்றி உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. மொத்தம் நான்கு பேர். ஆளுக்கொரு படகு, எல்லாம் காகிதத்தில். இந்த வாரம் எந்தத் திசையில் போகிறோம் என்று எனக்குக் கார்டு போடுவார்கள். நான் தாயக்கட்டையை உருட்டுவேன். காற்றா, புயலா, கொள்ளைக்காரனா என்று பார்த்து எல்லோருக்கும் பதில் கார்டு போடுவேன். பழவேற்காட்டில் எனக்கு அடுத்த தெருவில் இருக்கிற ஜாபருக்கும் தபால்தான். நேரில் பேசினால் ரகசியம் தங்குமா?

ஆரம்பத்தில் இப்படி எழுதிக்கொண்டிருந்தேன்: "ஆட்டக்காரர் இரண்டு, ஆட்டக்காரர் இரண்டின் படகைத் திருப்பினார்."

ஜாபர் படித்துவிட்டுச் சொன்னான்: "இன்னாபா இது, கோர்ட் சம்மன் மாதிரி கீது? மனுசன் மனுசனுக்கு எழுதுற மாதிரி எழுதேன்."

ரோஷம் வந்துவிட்டது. அன்று முதல் ஆளுக்கேற்ற கார்டு. படகு தரை தட்டியவனுக்கு, "உன் படகு தரை தட்டியது. நீ என்ன செய்யப் போகிறாய்?" மற்றவர்களுக்கு, "பாவம், அவன் படகு தரை தட்டியது." அவ்வளவுதான் மாற்றம். ஆட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. ரொம்பவே உயிர் வந்துவிட்டது என்பது வியாழக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

ஜாபர் கார்டோடு வந்து நின்றான். "நான் முகத்துவாரம் பக்கமே போவல. என்னை ஏம்பா முழுகடிச்ச?"

வாங்கிப் பார்த்தேன். 'முகத்துவாரத்தில் உன் படகு கவிழ்ந்தது. நீ இனி இல்லை.' சேகருக்கு எழுதிய கார்டு. விலாசத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். அப்படியானால் ஜாபருக்கு எழுதியது?

ஏரிக்கு அக்கரையில், லைட்ஹவுஸ் குப்பத்தில், சேகர் வீட்டில்.

அதில் இருந்தது எனக்கு மனப்பாடம். பெருமையோடு எழுதிய வரிகள் ஆயிற்றே — 'நம் சேகர் போய்விட்டான். முகத்துவாரத்தில் அவன் படகு கவிழ்ந்தது. அவனைத் தேடிப் பயனில்லை.'

சேகர் என்னோடு பள்ளியில் படித்தவன். இப்போது தினமும் விடிவதற்குள் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். நிஜக் கடல். அவன் மனைவி கஸ்தூரிக்குப் படிக்கத் தெரியும். ஆட்டம்தான் தெரியாது.

படகு பிடித்து அக்கரைக்கு ஓடினோம். வழியில் ஜாபர் ஆறுதல் சொன்னான்: "செத்தவன் பேருக்கே லெட்டர் போட்டு, அவன் செத்துட்டான்னு யாராச்சும் சொல்லுவாங்களா? கஸ்தூரி நம்பாதுபா."

நம்பியிருந்தாள். கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள், கையில் கார்டோடு. சுற்றிலும் நாலைந்து பெண்கள். கார்டு கிளம்பியது செவ்வாய், அவன் கடலுக்குப் போனது இன்று காலை என்று அங்கே யார் கணக்குப் பார்ப்பார்கள்?

"அண்ணி, அது விளையாட்டு. நான்தான் எழுதினேன்..." மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். "வெளையாட்டுன்னா... அவரு எங்க?"

நானும் கடலைப் பார்த்தேன். மற்ற கட்டுமரங்களெல்லாம் கரையேறியிருந்தன. அவனுடையதைக் காணோம். நான் எழுதிய மூன்று வரிகளும் அப்போது எனக்கே விளையாட்டாகத் தெரியவில்லை.

அரை மணி நேரம் இருக்கும். அலைக்கு அப்பால் ஒரு கட்டுமரம் தெரிந்தது. கஸ்தூரி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய் அவன் கையைப் பிடித்தாள். கரைக்கு வரும் வரை விடவில்லை. நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"வலை சிக்கிக்கினு லேட்டாயிடுச்சு. இன்னா கூட்டம்?" என்றவன், கார்டை வாங்கிப் படித்தான். முகம் வாடியது.

"அப்ப நான் அவுட்டாடா?"

அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். கஸ்தூரி சிரிக்கவில்லை. "வேற கார்டு கீதா, தம்பி?"

என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும்.

"எழுது. கவுந்த படகைப் புடிச்சிக்கினு கரைக்கு வந்துட்டாரு."

எழுதினேன். வாங்கிப் பார்த்தாள். "அது இன்னா, 'வந்துட்டான்'? 'வந்துட்டாரு'ன்னு எழுது."

அடித்துத் திருத்தினேன். நாம் போகிற போக்கில் எழுதுகிற ஒவ்வொரு 'அவனுக்கும்' எங்கோ ஒரு வீட்டில் 'அவரு' என்று காத்திருக்க ஓர் ஆள் இருக்கிறார், இல்லையா?

இப்போது ஆட்டத்தில் புது விதி. மூழ்கியவரை மனைவி சொன்னால் கரையேற்றலாம். ஜாபர்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலியேபா... நான் முழுகினா யாரு சொல்றது?"