எடைமேடையில் நெட் வரவில்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பி ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் தணிகைவேல் அண்ணன். ஐம்பத்திரண்டு வயது. ஆரம்பாக்கத்தில் ஒற்றை அறையில் குடியிருக்கிறார். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு சூலூர்பேட்டையில் இருக்கும் தன் தமையன் வீட்டோடு போய் ஒன்பது வருடமாகிறது. ஏன் என்று நான் கேட்டதில்லை. நான் ஆரோக்கியமேரி, கேட் பக்கத்தில் லாரி எடைபோடும் மேடையின் கண்ணாடிக் கூண்டில் இருப்பவள். எனக்கு வாய் நீளம் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. இருக்கட்டும். லாரிப் புழுதியில் நாள் முழுக்க ஒற்றை ஆளாக உட்கார்ந்து பார்க்கட்டும், அவர்களுக்கும் நீளும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அண்ணன்தான் கையால் எண் போட்டுக்கொடுப்பார். நெட்டில் எது எந்தக் கம்ப்யூட்டர் என்று தெரிவதற்கான எண். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. இரண்டுக்கு ஒரே எண் விழுந்துவிட்டால் இரண்டுமே தகராறு பண்ணும். உடனே அவருக்குப் போன் பறக்கும். சோற்றில் கைவைத்திருப்பார், எழுந்து ஓடுவார். லீவு போட்டுப் படுத்தாலும் ஆறு போன் வரும். இவனுங்களோட ஒரே பேஜாரு என்று சலித்துக்கொள்வார். ஆனால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் போவார்.

போன வருடம் மேனேஜர், எண்களைத் தானாகவே கொடுக்கும்படி சர்வரை அமைக்கச் சொன்னார். அண்ணன் மூன்று நாள் உட்கார்ந்து அமைத்தார். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, எத்தனை மணி நேரத்துக்கு என்று ஒருமுறை எழுதிவைத்தால் போதுமாம். காலையில் ஆன் பண்ணியதும் கம்ப்யூட்டர் கேட்கும், சர்வர் ஓர் எண் கொடுக்கும். வேலை முடிந்து அணைத்துவிட்டால் அந்த எண் திரும்பப் போய்விடும். அதற்குப் பிறகு ஒரு தகராறு இல்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போது அவருக்கும் தெரியாது.

மார்கழியில் அவருக்குக் காய்ச்சல். நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவர் நேராக உள்ளே போகாமல் என் கூண்டு வாசலில் நின்றார். முகம் வற்றிப்போயிருந்தது.

“நாலு நாளு மேரி. ஒரு போன் வர்ல.”

நல்லதுதானே, நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள் என்று சொல்லிவைத்தேன். அவர் வராததே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை மறைக்கத்தான் அப்படிச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் என் பேஜாரு ஆரம்பித்தது. காலையில் ஆன் பண்ணினால் நெட் இல்லை. ஆபீசில் எட்டரைக்கே எல்லோருக்கும் வந்துவிடுகிறது. லாரிகளை ஒன்பதரைக்குத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால், கம்பெனியிலேயே கடைசியாக ஆன் ஆவது என்னுடையது. போன் போட்டால் இரண்டே நிமிடத்தில் வந்து, பழையபடி கையால் ஓர் எண் அடித்துக்கொடுப்பார். நெட் வந்துவிடும். பிறகும் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மகள் நர்சிங் சேர்ந்திருக்கிறாளாம், யாரோ சொல்லித்தான் தெரிந்தது என்பார். ராத்திரி வைத்த ரசத்தில் புளி தூக்கலாகிவிட்டது என்பார். சாயங்காலம் மறுபடி வந்து, கையால் போட்ட எண்ணை அப்படியே விடக்கூடாது என்று எடுத்துவிட்டுப் போவார். மறுநாள் அதே கதை. ஒரு எடைமேடைக்கு நெட் கொடுக்கத் துப்பில்லை, நீங்கள் என்ன சிஸ்டம் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். சிரித்துக்கொண்டார். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று.

ஒருநாள் அவர் லீவு. அன்று பார்த்து, தலைமை அலுவலகத்திலிருந்து சரவணன் என்பவர் எல்லாவற்றையும் சோதிக்க வந்தார். எனக்கு நெட் இல்லை என்றதும் சர்வரைப் போய்ப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே என் கூண்டுக்கு வந்தார்.

“மொத்தம் முப்பத்தோரு சிஸ்டம் இருக்குது. முப்பது நம்பருக்கு மேல குடுக்காதன்னு எழுதி வச்சிருக்காரு. கடைசியா வர்ற ஆளுக்கு எப்டி கெடைக்கும்? தெரிஞ்சேதான் பண்ணியிருக்காரு.”

கடைசி ஆள் யார் என்று அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து மாதமாக என்னைக் கேனச்சி ஆக்கியிருக்கிறார்! அப்புறம் அந்த நாலு நாள் ஞாபகத்துக்கு வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

சரவணன் இதை ரிப்போர்ட்டில் எழுதப்போவதாகச் சொன்னார். எழுதினால் அண்ணனுக்கு அன்றோடு வேலை போய்விடும். எழுதாதீங்க சார், மனுஷனுக்கு இந்தக் கம்பெனியை விட்டால் பேச ஆளில்லை என்று கெஞ்சினேன். கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை, வார்த்தை தடுமாறியது. அவர் என்ன நினைத்தாரோ, எண்ணை மட்டும் சரிசெய்துவிட்டு, எழுதாமல் போனார்.

மறுநாள் ஒன்பதரைக்கு நெட் ஜோராக வந்தது. அண்ணன் வரவில்லை. லீவு முடிந்து வந்து சர்வரைத் திறந்ததுமே, யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மூன்று நாள் என் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கேன்டீனில் என்னைக் கண்டதும் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைசி மேசைக்குப் போய்விட்டார். சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார். எனக்கும் கூண்டில் இருப்புக்கொள்ளவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அந்தக் காலி ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலை, கம்ப்யூட்டருக்குப் பின்னால் கைவிட்டு நெட் வயரைப் பிடுங்கி மேசைமேல் போட்டேன். போனை எடுத்தேன்.

“அண்ணே, நெட் வர்ல. வாங்க.”

வந்தார். மேசைமேல் கிடந்த வயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேடையில் ஏறி நின்ற லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டேயிருந்தான். அண்ணன் வயரைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இதுக்குக் கொஞ்சம் நேரம் ஆவும் மேரி.”

ஆகட்டும் என்றேன்.