பல்செட் பாலுவும் அறுநூறு வாத்துகளும்

1993 ஆவணியில் காய்வெட்டுக் கொய்யாவைக் கடித்து என் முன்பல் ஒன்று உடைந்தது. "கலர் சரியா அமையணும்னா நீங்களே ஒருதடவ லேபுக்குப் போயிட்டு வந்துருங்க" என்று பல் டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

தெற்குமாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடி. ஏறிப் போனால் அலமாரி முழுக்கப் பல்செட்டுகள் வரிசையாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தன. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் சிமெண்டுத் தொட்டிக்குள் தலையை விட்டபடி நின்றார். தொட்டியில் ஒரு முழ நீளப் படகு, ஆள் தொடாமலே வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"பல்லு..." என்று இழுத்தேன்.

"பல்லு எங்கயும் ஓடிறாது, இருங்க. இடதுபக்கம் திரும்புதான்னு பாத்துருவோம்."

கையிலிருந்த பெட்டியின் குச்சியை அவர் சாய்த்தார். படகு இடதுபக்கம் திரும்பியது. அவர் தங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் என்னவோ கத்திக்கொண்டு, நனைந்த கையோடு என்னைக் கட்டிப்பிடித்தார். முன்பல் இல்லாத வாயைத் திறந்து நானும் சிரித்துவிட்டேன். பாலசுந்தரம் எனக்குச் சிநேகிதரான கதை இவ்வளவுதான். பல் கட்டி முடிப்பதற்குள் நான் ஆறு தடவை அங்கே போயிருந்தேன். இரண்டு தடவை போயிருந்தால் போதும்.

நான் கல்யாணராமன். இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. என் நெற்றி நாமத்தைப் பார்த்து அவர் என்னை "சாமி" என்பார். எனக்கு அவர் "அண்ணே". ஊருக்கு அவர் பல்செட் பாலு. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் வீட்டில் ரிமோட் கார் ஒன்று கெட்டுப்போய்க் கிடந்திருக்கிறது. அதை வாங்கிவந்து பிரித்து, அதன் குடலை எடுத்துப் படகுக்குள் வைத்ததிலிருந்து அவருக்குப் பித்துப் பிடித்துக்கொண்டது. மனைவி சுந்தரவல்லி மாநகராட்சிப் பள்ளியில் டீச்சர். "வீட்டுல குளிக்கத் தண்ணி இல்ல, இவருக்குக் கப்பல் விடத் தண்ணி வேணுமாம்" என்பார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மதுரையில் இருந்துகொண்டு கப்பல் விடுவது லேசான காரியமா? வைகையில் மணல்தான் இருக்கும். தெப்பக்குளத்தில் திருவிழா போக மற்ற நாளெல்லாம் கிரிக்கெட். ஆகவே மழை பெய்தால் எங்கள் இருவருக்கும் காய்ச்சல் கண்டதுபோல ஆகிவிடும். ஆபீசுக்குப் போன் வரும்.

"சாமி, நிலையூர்க் கம்மாய் பெருகிருச்சாம்! கெளம்புங்க, வாரேன்!"

நிலையூரில் எனக்கு ரொம்ப வேண்டப்பட்ட யாரோ அடிக்கடி சாகக் கிடக்கிறார்கள் என்று என் மேலதிகாரி கடைசிவரை நம்பினார். பாலண்ணனின் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் நான். என் மடியில் படகு. அவனியாபுரத்தைத் தாண்டுவதற்குள் எதிரில் வருகிற ஒவ்வொருவரும் ஏதாவது கேட்பார்கள். "அண்ணே, ராமேஸ்வரம் அந்தப் பக்கம்ணே!"

முதல் படகு முப்பது அடி போனதும் ரிமோட்டுக்குக் கட்டுப்படாமல் நடுக் கண்மாயில் நின்றுவிட்டது. எங்கள் இரண்டு பேருக்குமே நீச்சல் தெரியாது. லாரி டியூபில் மிதந்து மீன்பிடித்துக்கொண்டிருந்தவர் ஒருவர் பரிதாபப்பட்டு எடுத்துவந்து கொடுத்தார். அன்றைக்கே பாலண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். நின்றுபோன படகைத் தள்ளிக்கொண்டு வருவதற்கென்றே இன்னொரு படகு செய்தார். மூன்றடி நீளம், அகலமான வயிறு, முன்னால் ரப்பர் சுற்றிய கவட்டை. அதை ஆமை முந்திவிடும். ஆனால் கவிழாது. ஓட்டைகளையெல்லாம் பல்செட்டுக்கு ஈறு செய்கிற ரோஸ் கலர்ப் பிசினால் அடைத்ததால், முழுப் படகும் ஈறு நிறத்தில் பளபளத்தது. மனைவி மனம் குளிரட்டும் என்று அதற்கு 'சுந்தரவல்லி' என்று பெயர் எழுதினார்.

டீச்சர் ஒரு நிமிஷம் பார்த்தார். "பொக்கவாய் மாதிரி இருக்கு. இதுக்கு எம்பேரா?"

ஆனாலும் பெயரை அழிக்க விடவில்லை.

வெளியூர்களில் அவர் பெயர் பரவியது படகின் விசிறியால். படகின் பின்னால் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சின்ன விசிறி, ரிமோட் படகு விடுகிற வெளியூர்க்காரர்களுக்கு அப்போது நல்லதாகக் கிடைக்காது. பாலண்ணனுக்கோ அது பல்லுக்கு உறை போடுகிற வேலைதான். மெழுகில் செய்து, மாவுக்குள் புதைத்து, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அந்தக் குழியில் உலோகத்தை ஊற்றுவார். மயிரிழை பிசகாது. 1997இல் பெங்களூருக்கு ஒன்று அனுப்பினார். அடுத்த வருஷம் சென்னை, கோயம்புத்தூர், ஐதராபாத் என்று கடிதங்கள் வந்து குவிந்தன. பல்செட் டப்பாவில் வைத்துத்தான் அனுப்புவார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் மனைவி டப்பாவைப் பார்த்துவிட்டு, கணவரை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாராம்.

2005 ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாய் கரைதொட்டு நின்றது. பாலண்ணன் தலைகால் புரியாமல் எல்லா ஊர்க்காரர்களுக்கும் படகுப் போட்டிக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டார். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் படகுகளோடு ரயிலிலிருந்து இறங்கினார்கள். பெங்களூரிலிருந்து வந்தவர் விஜய்ஆனந்த். அவருடைய படகு சிவப்பு நிறம், எண்ணெய் எஞ்சின். கிளப்பினால் மலையே திரும்பிப் பார்க்கும். கரையெல்லாம் கூட்டம். மிதவை கட்டியாயிற்று. டீச்சர் விசிலை வாயில் வைத்தாயிற்று.

அந்த நேரம் பார்த்து, அறுவடை முடிந்த வயலிலிருந்து கரையேறி, வழுக்கி, உருண்டு, அறுநூறு வாத்துகள் தண்ணீருக்குள் இறங்கின.

பின்னாலேயே கம்போடு மாயக்காள் ஓடிவந்தார். வாத்துகளுக்குச் சொந்தக்காரர் அவர்தான். "ஐயா, சத்தங்கித்தம் போட்டுறாதீக! மிரண்டுச்சுன்னா ஒண்ணுகூடச் சேராது!"

விஜய்ஆனந்துக்கு அது காதில் விழவில்லை. எஞ்சினைக் கிளப்பிவிட்டார்.

வாத்துகள் வெடித்த பட்டாசுபோலச் சிதறின. நாணல், கருவேலம், நடுத்தண்ணீர், மறுகரை என்று எங்கே பார்த்தாலும் வாத்து. மாயக்காள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். விஜய்ஆனந்த் எஞ்சினை அணைத்துவிட்டுக் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டார். அது யாருக்கும் புரியவில்லை.

பாலண்ணன் மட்டும் போய் 'சுந்தரவல்லி'யைத் தூக்கிவந்து தண்ணீரில் விட்டார்.

"அண்ணே, வேணாம். இன்னும் மெரளும்" என்றேன்.

"இதப் பாத்து எவன் சாமி மெரளுவான்?"

பாட்டரிப் படகு. சத்தமே இல்லை. தத்தித் தத்திப் போய், நாணல் ஓரம் நின்ற வாத்துகளுக்குப் பின்னால் நின்றது. வாத்துகள் அதை ஏற இறங்கப் பார்த்தன. படகு ஒரு முழம் முன்னேறியது. அவையும் ஒரு முழம் நகர்ந்தன. மாயக்காள் எழுந்துவிட்டார்.

"அண்ணே, சோத்தாங்கைப் பக்கம் விடு! அந்தா, தனியா நிக்கிறா பாரு, அவள மடக்கு!"

"எவள?"

"கருங்கழுத்துக்காரிய! ஐயோ, நேரா போகாதண்ணே, அணைச்சு வா, அணைச்சு வா!"

பாலண்ணன் அணைத்தார். கரையிலிருந்த கூட்டம் முழுக்க இப்போது வாத்து மேய்க்கத் தெரிந்தவர்களாகிவிட்டது. ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். ஒவ்வொரு கூட்டமும் இன்னொன்றோடு சேரச்சேர விசில் பறந்தது. பாலண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படகு திரும்புகிற பக்கமெல்லாம் தானும் சாய்ந்து ஆடினார். ஒரு தடவை சாய்ந்தது அதிகமாகி, இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தார். விழுந்தவர் ரிமோட்டை மட்டும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார். நானும் விஜய்ஆனந்தும் அவரை ஆளுக்கொரு கையாக இழுத்தோம். இழுக்கும்போதும் அவர் வாத்தைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம். வாத்துகள் பெரிய வெள்ளை ஜமுக்காளம்போல ஒன்றாகக் கரைக்கு வந்தன. மாயக்காள் எண்ணிப் பார்த்துவிட்டு முகம் வாடினார். "ஒண்ணு கொறையுதுண்ணே."

எல்லோரும் தண்ணீரைப் பார்த்தோம். வேலை முடிந்து கடைசியாகத் திரும்பிக்கொண்டிருந்தது 'சுந்தரவல்லி', வழக்கத்தைவிட ஆழமாக அமிழ்ந்தபடி. அதன் முதுகில் கருங்கழுத்துக்காரி ஜம்மென்று உட்கார்ந்து வந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்குக் கரையில் எழுந்த சத்தத்தை எந்த ஜல்லிக்கட்டிலும் நான் கேட்டதில்லை. டீச்சர் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுண்ணே" என்றார் மாயக்காள், விளையாட்டில்லாமல். பங்குனிக்குள் பாலண்ணன் செய்து கொடுத்துவிட்டார். மாயக்காள் வாடிப்பட்டிப் பக்கம் கண்மாய் கண்மாயாகக் கம்பை மடியில் கிடத்திவிட்டு, ரிமோட்டில் வாத்து மேய்த்தார். அதை வேடிக்கை பார்க்கப் பஸ்ஸை நிறுத்திய டிரைவர்கள் உண்டு.

அந்தப் போட்டியில் யார் ஜெயித்தது என்று எனக்கு நினைவில்லை. ஆனால் அடுத்த வருஷம் கோயம்புத்தூரில் புதிதாக ஒரு சுற்று வைத்தார்கள். தண்ணீரில் இருபது பிளாஸ்டிக் வாத்துகளை மிதக்கவிடுவார்கள். மெதுவான படகால் அவற்றை ஒரு வளையத்துக்குள் ஓட்டிச் சேர்க்கவேண்டும். அதற்குப் பெயர் 'மதுரை ரவுண்டு'. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் அதையே வைக்க ஆரம்பித்தார்கள். கோயம்புத்தூரில் பாலண்ணனைத்தான் முதலில் இறக்கினார்கள். இருபதில் நான்கைத்தான் சேர்த்தார். கடைசி இடம்.

"பிளாஸ்டிக் வாத்துக்குப் பயமே இல்ல சாமி. அத எப்படி மேய்க்கிறது?" என்று திரும்புகிற பஸ்ஸில் பல்லடம் வரை சிரித்தார்.

2009 சித்திரையில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கினவர் எழுந்திருக்கவில்லை. அறுபத்தொரு வயது. டீச்சர் கொடுத்த நோட்டைப் பார்த்து ஒவ்வொரு ஊராகப் போன் போட்டேன். எதிர்முனையில் முதலில் அழுகை, அப்புறம் ஏதாவது ஒரு சம்பவம், அப்புறம் சிரிப்பு. நோட்டிலிருந்த ஒன்பது பேரிடமும் இதே வரிசைதான்.

கார்த்திகை மழையில் தண்ணீர் வந்ததும் அந்த ஒன்பது பேரும் வந்தார்கள். வண்டியூர்க் கண்மாய்க் கரையில் டீச்சருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். இரண்டு சுற்று பார்த்தார். மூன்றாவது சுற்றுக்கு விஜய்ஆனந்திடம் கையை நீட்டினார்.

"அந்தப் பெட்டியக் குடுங்க தம்பி. இதுல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்குறேன்."

சிவப்புப் படகு பாய்ந்துபோய்க் கோயம்புத்தூர்க்காரர் படகின் விலாவில் மோதி, அதைத் தலைகுப்புறக் கவிழ்த்தது. டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கேட்டார்.

"இன்னொரு தடவ விடலாமா?"